முதன்முறை குகைக்குள் போகும் குழுவுக்கு: வாசலைத் தாண்டும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

மலையேறும்போது ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் இரண்டு பேர் தோள்கொடுத்து இறக்கிவிடலாம். அன்றைய திட்டம் கெடும், அவ்வளவுதான். அதே சுளுக்கு, வாசலிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே, ஒரே ஆள் குனிந்து நுழையக்கூடிய சந்தில் ஏற்பட்டால் கதை வேறு. பக்கத்தில் நின்று தோள்கொடுக்க இடம் இருக்காது. ஸ்ட்ரெச்சர் அந்த வளைவில் திரும்பாது. போனில் சிக்னல் இல்லை. உடை நனைந்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். உதவி கேட்டு ஒருவர் வெளியே போக ஒரு மணி நேரம் ஆகும். ஆட்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும்.

2021 நவம்பரில் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில், ஓகோஃப் ஃபினன் தீ என்ற குகையில், நன்றாகப் பழகிய ஒருவர் விழுந்து காயமடைந்தார். அவரை வெளியே கொண்டுவர 54 மணி நேரம் ஆனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் முறைவைத்துத் தூக்கினார்கள். 2014 ஜூனில் ஜெர்மனியின் ரீசெண்டிங் குகையில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒருவரின் தலையில் கல் விழுந்தது. அவர் மேலே வந்து சேர 11 நாள் ஆனது. ஐந்து நாடுகளிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். இரண்டும் குகை மீட்பு நன்றாக வளர்ந்த இடங்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1935 முதலே இதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. நம் ஊரில் 112-க்கு அழைத்தால் ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் இருட்டில் பாறைக்குள் ஊர்ந்து பழகியவர்களாக இருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஆகவே, மீட்க ஆள் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

குகை என்றதும் வீட்டில் எல்லோரும் பாம்பைப் பற்றித்தான் கேட்பார்கள். விபத்துகளில் திரும்பத் திரும்ப வருபவை அதைவிடச் சாதாரணமானவை: வழுக்கி விழுவது, மேலிருந்து கல் விழுவது, தண்ணீர் ஏறுவது, விளக்கு அணைவது, வழி தவறுவது, சந்தில் மாட்டிக்கொள்வது, நனைந்து விறைத்துப்போவது. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் நேரம் நீங்கள் இன்னும் வெளியே நிற்கும்போதுதான். இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அந்த வேலைகள்தான்.

1. எந்தக் குகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆந்திராவின் பேலம், போரா, மேகாலயாவின் மௌஸ்மாய் போன்றவை விளக்கும் நடைபாதையும் போட்ட சுற்றுலாக் குகைகள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். பேலத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். உள்ளே புழுக்கம் அதிகம் என்பதால் வெளிக்காற்றைக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அதை யோசித்துக்கொண்டால் போதும். வேறு ஆயத்தம் தேவையில்லை.

இரண்டாவது வகை, விளக்கும் பாதையும் இல்லாத இயற்கைக் குகை. இந்தியாவில் இதற்குப் பெயர்போன இடம் மேகாலயா. காசி, ஜெயின்டியா மலைகளின் சுண்ணாம்புக்கல்லுக்குள் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும் லியத் பிரா போன்ற குகைகள் இருக்கின்றன. மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு, வெளிநாட்டுக் குகையாளர்களோடு சேர்ந்து 1992 முதல் அவற்றை அளந்து வரைபடம் போட்டு வருகிறது. முதன்முறை போகிறவர்கள் இந்த வகையிலேயே எளிதானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: உள்ளூர்க் குழுக்கள் வழக்கமாகப் போய் வருவது, கயிறு தேவைப்படாதது, வரைபடம் உள்ளது. சோஹ்ராவுக்கு (நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊர்) பக்கத்தில் இருக்கும் மௌம்லூ குகைக்குப் பலர் அப்படி வழிகாட்டியோடு போகிறார்கள். அங்கேகூடத் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது வகை, வேலி போட்டு அடைத்த இடம். கொடைக்கானல் குணா குகையைப் பற்றி இப்போது தெரியாதவர் இல்லை. 2006-இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே ஆழமான பிளவுக்குள் விழுந்தார்; இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கிவந்தார். அது படமாகவும் வந்துவிட்டதால், போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பலருக்கு மிஞ்சியிருக்கிறது. அங்கே இருப்பது நடந்து போகிற குகையே இல்லை. பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் வெடிப்புகள், அவற்றை மறைக்கும் வேரும் சருகும். பயிற்சி இல்லாதவர் நண்பனைக் காப்பாற்றக் கயிற்றில் இறங்கினால், பெரும்பாலும் மீட்க வேண்டியவர் ஒருவருக்குப் பதில் இருவராகிவிடுவார்கள். வேலி இருந்தால் திரும்பி வாருங்கள். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

2. மழையைப் பாருங்கள், குகை இருக்கும் இடத்து மழையை மட்டும் அல்ல

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புதியவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

சுண்ணாம்புக்கல் மலையில் பெய்யும் மழை ஆறாக ஓடும் முன் ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். குகை என்பதே அந்தத் தண்ணீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்து உண்டாக்கிய வடிகால்தான். வாசலில் வெயில் அடிக்கும். சில கிலோமீட்டர் தள்ளி மேட்டில் பெய்த மழை, நீங்கள் உள்ளே இருக்கும்போது வந்து சேரும். உள்ளே இருப்பவருக்கு வானம் தெரியாது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2018 ஜூன் 23 அன்று பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் பயிற்சி முடிந்து சைக்கிளில் வந்து உள்ளே போனார்கள். மழைக்காலத்தில் நுழைய வேண்டாம் என்று வாசலில் பலகை இருந்தது; அதில் போட்டிருந்தது ஜூலை முதல் நவம்பர் வரை. ஜூலைக்கு இன்னும் ஒரு வாரம்தானே இருக்கிறது என்று மழை காத்திருக்கவில்லை. ஜூலை 2 அன்றுதான் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். 8 முதல் 10-ஆம் தேதிக்குள் எல்லோரும் வெளியே வந்தார்கள். அதற்கு முன்பே, 6-ஆம் தேதி, காற்று உருளைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமான் குணான் இறந்துபோனார்.

2023 மே 9 அன்று நியூசிலாந்தின் ஃபாங்காரே நகரில் பள்ளி மாணவர் குழு ஒன்று ஏபி குகைகளுக்குப் போனது. கனமழை எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்த நாள் அது. தண்ணீர் ஏறியது, ஒரு மாணவர் உயிரோடு திரும்பவில்லை. 1967 ஜூன் 24 அன்று யார்க்‌ஷயரின் மோஸ்டேல் குகைக்குள் பத்துப் பேர் போனார்கள். சில மணி நேரத்தில் நால்வர் வெளியே வந்தார்கள். உள்ளேயே தங்கிய ஆறு பேரும் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் புதியவர்களும் இல்லை.

மேகாலயாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் குகைக்காலம். மௌசின்ராமும் சோஹ்ராவும் உலகிலேயே அதிக மழை பெறும் ஊர்கள் என்று பள்ளியில் படித்தோமே, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் குகைகள் வழியாகத்தான் போகிறது. மே மாத விடுமுறையில் வாய்ப்புக் கிடைத்தது என்று போகாதீர்கள். வறண்ட மாதத்திலும் நிலத்தடித் தண்ணீரை நம்ப முடியாது: 2018 டிசம்பர் 13 அன்று, கிழக்கு ஜெயின்டியா மலையின் க்ஸான் என்ற இடத்தில், எலிவளைபோல் குறுகலாகத் தோண்டிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெரிய பம்புகளைக் கொண்டுவந்து இறைத்தும் தண்ணீர் குறையவில்லை. அது சுரங்கம்தான், குகை இல்லை. ஆனால் அதே மலை, அதே தண்ணீர்.

செய்ய வேண்டியது இதுதான். முந்தைய மூன்று நாள் மழையையும் வரப்போகும் இரண்டு நாள் முன்னறிவிப்பையும் வானிலைத் துறையின் தளத்தில் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே தள்ளிவையுங்கள். அப்புறம் ஊர்க்காரரிடம் கேளுங்கள்: "மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் எவ்வளவு உயரம் வரும்?" வாசலுக்குள் பத்தடி போய் சுவரையும் கூரையையும் நீங்களே பாருங்கள். தலைக்கு மேலே இடுக்கில் காய்ந்த புல்லும் குச்சியும் பிளாஸ்டிக் பையும் செருகிக்கொண்டு நின்றால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. அதை அங்கே யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை.

3. யார் யார் போகிறார்கள்

குறைந்தது நான்கு பேர். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருப்பார், இருவர் சேர்ந்து வெளியே போவார்கள். உதவிக்குப் போகிறவரும் தனியாகப் போகக் கூடாது. இந்தக் கணக்கை உலகெங்கும் குகையாளர்கள் பின்பற்றுகிறார்கள். தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1925-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஃபிளாயிட் காலின்ஸ் சாட்சி. குகைகளிலேயே வாழ்ந்தவர் என்று சொல்லுமளவுக்குத் தேர்ந்தவர். பன்னிரண்டு பதின்மூன்று கிலோ எடையுள்ள ஒரு கல் காலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கும் மேல் போராடியும் உயிரோடு எடுக்க முடியவில்லை.

அதிகபட்சம் எத்தனை? என் கருத்து: ஆறு, அனுபவசாலியான வழிகாட்டி ஒருவருக்கு. கல்லூரிக் குழு, அலுவலகக் குழு என்று இருபது பேர் கிளம்பினால், முன்னால் போகிறவருக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் அரை மணி நேர இடைவெளி விழும். நடுவில் ஒருவர் தவறான சந்தில் திரும்பினால் யாருக்கும் தெரியாது. இருபது பேர் என்றால் நாலு குழுவாகப் பிரித்து, மாற்றி மாற்றி அனுப்புங்கள்.

வழிகாட்டி அந்தக் கிராமத்து ஆளாக இருக்க வேண்டும். அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தக் குகைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள், உங்களிடம் எத்தனை விளக்கு, தண்ணீர் ஏறினால் ஒதுங்க மேடான இடம் எங்கே? "ஒன்றும் ஆகாது சார்" என்பது பதில் இல்லை.

குழுவுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் "திரும்பலாம்" என்று சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும். நண்பர்கள் கூட்டத்தில் இதுதான் கடினம். பயந்தவரைக் கிண்டல் செய்வது நம் பழக்கம். கிண்டலுக்குப் பயந்து ஒருவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே வருவார், நெருக்கமான சந்தில் மூச்சு வாங்கி அங்கேயே உறைந்து நிற்பார். இருட்டு, நெருக்கம், உயரம் எது ஒத்துக்கொள்ளாது என்று முந்தைய இரவே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். குடித்தவர் வரக் கூடாது. முந்தைய இரவு குடித்துத் தூங்காதவரும் சேர்த்தி.

4. வெளியே ஒருவரிடம் நேரத்தை ஒப்படையுங்கள்

வெளியே இருக்கும், போன் எடுக்கும், பொறுப்பான ஒருவர் வேண்டும். தங்கும் விடுதிக்காரராக இருக்கலாம், ஊரில் இருக்கும் அண்ணனாக இருக்கலாம். வாயால் சொன்னால் மறந்துபோகும். தாளில் எழுதிக் கொடுங்கள், அல்லது செய்தியாக அனுப்புங்கள். இப்படி:

"ஆறு பேர், பெயர்கள் கீழே. மௌம்லூ குகை, மேற்கு வாசல். காலை 10 மணிக்கு உள்ளே. மதியம் 2 மணிக்கு வெளியே. மாலை 4 மணி வரை என்னிடமிருந்து போன் வரவில்லை என்றால் 112-க்கு அழைக்கவும். பிறகு வழிகாட்டியின் வீட்டுக்கு. வழிகாட்டி எண் கீழே."

4 மணி என்பது அவர் கவலைப்படத் தொடங்கும் நேரம் அல்ல; போனை எடுத்து அழைக்கும் நேரம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று அவர் யோசிக்கக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தாம் லுவாங் சிறுவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அன்று இரவே தெரிந்ததற்குக் காரணம், உடன் போகாத நண்பர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததும் வாசலில் சைக்கிள்கள் நின்றதும்தான்.

5. பை

விளக்கிலிருந்து வருவோம். ஆளுக்கு மூன்று. முதலாவது ஹெல்மெட்டில் பொருத்திய நெற்றிவிளக்கு. இரண்டாவதும் நெற்றிவிளக்காக இருந்தால் நல்லது; கை இரண்டும் பாறையைப் பிடிக்க வேண்டும், டார்ச் பிடித்துக்கொண்டு இறங்க முடியாது. மூன்றாவது சின்ன டார்ச்சாக இருக்கலாம். போனை விளக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருமுறை தண்ணீரில் விழுந்தால் முடிந்தது. பேட்டரிகள் புதிதாக இருக்க வேண்டும். மாற்றுப் பேட்டரி, தண்ணீர் புகாத பொட்டலத்தில்.

வாசலில் ஒரு சோதனை வையுங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, பையிலிருந்து இரண்டாவது விளக்கை எடுத்துத் தலையில் மாட்டி எரியவைக்க வேண்டும். ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுப்பார், ஒருவர் ஜிப்பைத் தேடுவார், இன்னொருவருடைய விளக்கு பைக்குள்ளேயே அழுத்தப்பட்டு எரிந்து பேட்டரி இறங்கிப்போயிருக்கும். சிரித்து முடித்ததும் எல்லோரும் பையை மறுபடி அடுக்குவார்கள். குகைக்குள் விளக்கு அணைந்தால் கண் பழகிப் பழகிக் கொஞ்சம் தெரியும் என்பது கிடையாது. மூக்குக்கு நேரே பிடித்த விரல்கூடக் கடைசிவரை தெரியாது.

ஹெல்மெட் மலையேற்றத்துக்கானதாக இருக்க வேண்டும், தாடைப் பட்டை இறுக்கமாக. பைக் ஹெல்மெட் கனம், பக்கவாட்டில் பார்வையையும் மறைக்கும்; கட்டட வேலைத் தொப்பி பட்டை இல்லாவிட்டால் குனிந்ததும் கழன்று விழும். ஜீன்ஸ், பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விளையாட்டு உடைகளில் வரும் செயற்கைத் துணி போதும், மேலே ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ். முழங்கால் பட்டை, ரப்பர் பூசிய கையுறை, நல்ல பிடியுள்ள ஷூ அல்லது கம்பூட். செருப்போடு வருகிறவரை வாசலிலேயே உட்காரவையுங்கள்.

ஒரு பெரிய குப்பைப்பை ஆளுக்கு ஒன்று, ஹெல்மெட்டுக்குள் மடித்து. காயம்பட்டவரோ நனைந்தவரோ உட்கார வேண்டி வந்தால், தலை வெளியே இருக்கும்படி ஓட்டை போட்டுப் போர்த்திக்கொண்டால் சூடு நிற்கும். பத்து ரூபாய்ப் பொருள். மேகாலயக் குகையில் பனி உறையாது என்றாலும் நனைந்து அசையாமல் மூன்று மணி நேரம் இருந்தால் யாருக்கும் பல் கிட்டிப்போகும். இவற்றோடு கடலைமிட்டாய், பேரீச்சை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், விசில், முதலுதவிப் பொட்டலம், குழுவுக்கு ஒரு கைக்கடிகாரம்.

6. உள்ளே

ஓடாதீர்கள், குதிக்காதீர்கள். அரை மீட்டர்கூட உட்கார்ந்து இறங்குங்கள். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க வேண்டும். சரிவில் ஒருவர் ஏறும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. கல் நழுவினால் உடனே "கல்லு" என்று கத்த வேண்டும், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சந்திப்பு வந்தால் நின்று, திரும்பி, வந்த வழியைப் பாருங்கள். போகும்போது பார்த்த அதே இடம், வரும்போது நிழல்கள் மறுபக்கம் விழுவதால் வேறு இடமாகத் தெரியும். குழுவில் ஒருவருக்கு இதையே வேலையாகக் கொடுங்கள்: ஒவ்வொரு சந்திப்பிலும் அடையாளம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சுவரில் பெயின்ட், அம்புக்குறி வேண்டாம். முன்னால் போனவர்கள் போட்ட அம்புகள் எந்தப் பக்கத்தைக் காட்டுகின்றன என்பதும் யாருக்கும் தெரியாது. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களைத் தொடாதீர்கள், கைப்பிடியாகவும் பயன்படுத்தாதீர்கள். அழகு கெடுவது ஒருபுறம், அவை உடைந்து கையோடு வந்துவிடும்.

குறுகிய சந்து. இதில் விதி கண்டிப்பானது: கீழ்நோக்கிச் சரியும், முடிவு தெரியாத சந்துக்குள் தலையை முன்னால் விட்டு நுழையக் கூடாது. அமெரிக்காவின் யூட்டாவில் நட்டி புட்டி என்ற குகைக்கு இளைஞர்களும் மாணவர்களும் பொழுதுபோக்காகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். 2009 நவம்பர் 24 அன்று 26 வயது மருத்துவ மாணவர் ஒருவர், தனக்குத் தெரிந்த வேறு சந்து என்று நினைத்து ஒரு துளைக்குள் தலைகீழாக இறங்கி இறுகிக்கொண்டார். ஒரு நாளுக்கும் மேல் முயன்றும் அவரை எடுக்க முடியவில்லை. அவர் உடலோடு குகையையே மூடிவிட்டார்கள். தலை கீழே இருந்தால் ஈர்ப்பு உங்களை இன்னும் உள்ளே தள்ளும், ரத்தமும் தலைக்கு இறங்கும். முதன்முறை போகிற குழுவுக்குக் குறுகிய சந்தே தேவையில்லை என்பேன்.

மூச்சையும் கவனியுங்கள். காற்றோட்டமில்லாத குழிகளில், அழுகும் இலைதழையும் வௌவால் எச்சமும் சேர்ந்த இடங்களில், கரியமில வாயு தேங்கும். அடைபட்ட ஒருவர் விடும் மூச்சே அவரைச் சுற்றித் தேங்குவதும் உண்டு. 1959-இல் இங்கிலாந்தின் பீக் குகையில் செங்குத்துத் துளையில் மாட்டிய ஆக்ஸ்போர்டு மாணவர் நீல் மாஸ் இறந்தது அப்படித்தான். நடக்காமலே மூச்சு வாங்குகிறது, தலை வலிக்கிறது என்று இரண்டு பேர் சொன்னால் உடனே திரும்புங்கள். தீக்குச்சி அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நாலு மணி நேரத் திட்டம் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். களைத்த கால் வரும்போதுதான் வழுக்கும்.

7. தவறு நடந்தால்

தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் நுரையும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், யோசிக்க வேண்டாம். வாசல் அருகில், வழி இன்னும் தண்ணீருக்கு மேலே இருந்தால் வெளியேறுங்கள். இல்லையென்றால் மேடான இடத்துக்கு ஏறி உட்காருங்கள். ஓடும் தண்ணீரில் நீந்தியோ, மூழ்கிய இடத்தில் மூச்சடக்கியோ வெளியேற முயலாதீர்கள். தாம் லுவாங் சிறுவர்கள் மேட்டில் ஒதுங்கி, பாறையில் சொட்டும் நீரைக் குடித்து, அலைந்து வலுவிழக்காமல் காத்திருந்தார்கள். சாப்பாடில்லாமல் ஒன்பது நாள் தாங்கினார்கள்.

வழி தெரியவில்லை என்றால் ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பக் கூடாது. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, குப்பைப்பையைப் போர்த்திக்கொள்ளுங்கள். விசிலை விட்டுவிட்டு ஊதுங்கள். தாளில் எழுதிக் கொடுத்த நேரம் வந்ததும் தேடல் தொடங்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் உட்கார முடியும்.

விழுந்தவருக்குக் கழுத்து, முதுகு வலித்தால் அசைக்காதீர்கள். அப்படி வலி இல்லாதவரை வெறும் தரையில் படுக்கவிடாமல் கீழே பையையோ கயிற்றையோ விரியுங்கள். கல்தரைதான் சூட்டை வேகமாக இழுக்கும். உடல் நடுக்கம் பேச்சுக் குழறலாக மாறினால் நிலைமை மோசம்: ஈர உடையைக் களைந்து, இருவர் ஒட்டி உட்கார்ந்து சூடு கொடுங்கள். வெளியே போகும் இருவரிடம் எழுதிக் கொடுங்கள்: என்ன காயம், எத்தனை மணிக்கு, வாசலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம், உள்ளே எத்தனை பேர்.

8. வெளியே வந்த பிறகு

முதலில் போன். "வந்துவிட்டோம்" என்று சொல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்தால், அங்கே ஒருவர் 112-க்கு அழைத்துக்கொண்டிருப்பார். சிக்னல் இல்லாத ஊர் என்றால், சிக்னல் கிடைக்கும் இடம் போய்ச் சேரும் நேரத்தையும் தாளில் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

உடை, ஷூ, கையுறை எல்லாவற்றையும் துவைத்துக் காயவையுங்கள். ஒரு குகையின் சேற்றை அடுத்த குகைக்குக் கொண்டுபோகக் கூடாது, அதில் வௌவால்களுக்கும் கேடு இருக்கிறது. வௌவால் எச்சத் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று வரலாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு வலி வந்தால் மருத்துவரிடம் "வௌவால் இருந்த குகைக்குள் போயிருந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தெரியும் என்பதால், சொல்லாவிட்டால் வேறு மருந்தில் நாள் போய்விடும்.